முகத்தில் பூசிய வரலாறு: கஸ்தூரி மஞ்சளிலிருந்து பாதரசம் வரை



இந்தத் தை மாதத்தில் மட்டும் நான்கு பேர் எனக்கு போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பொண்ணுக்குக் கல்யாணம் வருது. முகம் பளிச்சுனு ஆக எந்த க்ரீம் நல்லது?" நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் வரலாறும் நடத்தியவள். அதனால் க்ரீம் பெயர் சொல்ல மாட்டேன். அந்த க்ரீம்கள் எப்படி வந்தன, தோலுக்குள் போய் என்ன செய்கின்றன என்ற கதையைச் சொல்கிறேன். பதிவு நீளம்தான். காபியை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பாடம். நம் மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. அவைதான் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கின்றன. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் எவ்வளவு தயாரிக்கிறது, எப்படிப் பொட்டலம் கட்டுகிறது என்பதில் இருக்கிறது. டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்தால்தான் மெலனின் உருவாகும். உருவான மெலனின் சிறு சிறு பொட்டலங்களாகச் சுற்றியுள்ள சாதாரணத் தோல் செல்களுக்குப் போய்ச் சேரும். ஒரு மெலனோசைட் சுமார் 36 செல்களுக்கு இப்படி சப்ளை செய்கிறது. அந்தப் பொட்டலங்கள் செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி உட்கார்ந்து, வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் தடுக்கின்றன. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிற ஊர். மே மாதம் பாண்டி பஜாரில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குடையின் அருமை தெரியும்.

அடியில் பிறக்கிற ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். இந்த "நான்கு வாரம்" என்பதை மட்டும் மனதில் குறித்து வையுங்கள். கதை முழுக்க அது தேவைப்படும்.

இனி வரலாறு.

தமிழில் ஒரு விசித்திரம் கவனித்திருக்கிறீர்களா? வெளிர் நிறத்தை நாம் வெள்ளை என்று சொல்வதில்லை. "பொண்ணு நல்ல சிவப்பு" என்கிறோம். அதே வாயால் "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்றும் சொல்கிறோம். மாயோன் என்றால் கறுத்தவன் என்று பொருள். கருமாரியும் கருப்பசாமியும் நம் தெய்வங்கள். பிள்ளைக்குக் கருப்பாயி என்று பெயர் வைத்த ஊர் இது. ஆனால் ஆண்டு விழாவில் கிருஷ்ணன் வேஷத்துக்கு ஒரு பையனை நிறுத்தினால், நீலச் சாயத்தைப் பூசாமல் மேடை ஏற்ற யாருக்கும் மனசு வராது. பெண் பார்க்கப் போகும்போது இன்னொரு கணக்கு. இரண்டும் நம்மிடம் வெகுகாலமாகச் சேர்ந்தே இருக்கின்றன.

நம் பாட்டிமார் முகத்துக்குப் பூசியதெல்லாம் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வந்தது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற டப்பா செட்டி கடையை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு எல்லாம் பயத்தம்பயறோடு சேர்த்து அரைத்தால் நலங்கு மாவு. இது என்ன செய்கிறது? எண்ணெய்ப் பிசுக்கையும் மேலே காய்ந்த செல்களையும் தேய்த்து எடுக்கிறது. மஞ்சள் கொஞ்சம் எரிச்சலைத் தணிக்கிறது, கொஞ்சம் மஞ்சள் பூச்சும் தருகிறது. முகம் தெளிவாகத் தெரியும். ஆனால் அடிவரிசையில் இருக்கிற மெலனோசைட்டுக்கு இதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கிற குங்குமப்பூப் பாலும் அப்படித்தான். பால் உடம்புக்கு நல்லது. பிள்ளையின் நிறம் மரபணுவில் எழுதியபடிதான் வரும்.

அடுத்து வந்தது ஸ்னோவும் பவுடரும். பரோஸ் வெல்கம் கம்பெனியின் ஹேசலின் ஸ்னோவை என் அம்மா வீட்டு அலமாரியில் பார்த்திருக்கிறேன். பம்பாயில் பட்டன்வாலா 1919-இல் கொண்டுவந்த ஆஃப்கன் ஸ்னோவும் மெட்ராஸ் வரை வந்தது. இவை எல்லாம் பூசினால் மறைந்துபோகும் வகை க்ரீம்கள். தோலின் மேல் மெல்லிய படலமாக நின்று கொஞ்சம் வெளிறிய தோற்றம் தரும். அதன்மேல் பாண்ட்ஸ் பவுடர். பல்லாவரத்தில் பாண்ட்ஸ் கம்பெனி இருந்ததால்தான் அந்த நிறுத்தத்துக்கு இன்றும் பாண்ட்ஸ் சிக்னல் என்று பெயர். சாயங்காலம் முகம் கழுவினால் எல்லாம் குழாயடியில் போய்விடும். ஏமாற்றமும் இல்லை, ஆபத்தும் பெரிதாக இல்லை.

1975-இல் ஒரு திருப்பம். இந்துஸ்தான் லீவர் கம்பெனி ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. அப்போது நான் பள்ளி மாணவி. முகத்துக்கு மேலே பூசி மறைப்பது என்ற பேச்சு போய், தோலையே மாற்றிக் காட்டுகிறேன் என்ற பேச்சு வந்தது அப்போதுதான். அதன் முக்கியப் பொருள் நியாசினமைடு. இது விட்டமின் பி3-இன் ஒரு வடிவம்.

இந்த விட்டமினுக்கே ஒரு கதை உண்டு. பெல்லாக்ரா என்று ஒரு நோய். வெயில் படுகிற கை, கழுத்து எல்லாம் தீய்ந்தது மாதிரி கறுத்துத் தடித்துவிடும். மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த அமெரிக்க ஏழைகளுக்கு அது வந்தது. 1937-இல் எல்வெஜெம் என்ற விஞ்ஞானி, நிக்கோடினிக் அமிலம் இல்லாததுதான் காரணம் என்று நாய்களுக்கு வரும் இதே மாதிரியான நோயை வைத்துக் கண்டுபிடித்தார். நம் நாட்டில் தக்காணத்தில் வெள்ளைச் சோளம் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் அது வந்தது. அதை ஹைதராபாத்தில் இருந்து ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்து மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த டாக்டர் சி. கோபாலன். ஏழையின் வயிற்றுக்குக் கிடைக்காத அதே விட்டமின், பிற்பாடு ட்யூபில் அடைக்கப்பட்டு மத்தியதர வீட்டு முகத்துக்கு வந்தது.

நியாசினமைடு மெலனின் தயாரிப்பை நிறுத்துவதில்லை. பொட்டலம் அடுத்த செல்லுக்குப் போவதைக் குறைக்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதாவது தொழிற்சாலை ஓடுகிறது, லாரி மட்டும் தாமதம். அதனால் பலன் கொஞ்சம்தான், வாரக்கணக்கில் மெதுவாகத்தான் வரும். நிறுத்தினால் லாரி மறுபடி ஓடும். பாதுகாப்பு என்று பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லாத பொருள்.

1998-இல் நம் சென்னையிலிருந்தே போட்டி கிளம்பியது. கடலூரில் 1983-இல் சின்ன முதலில் ஷாம்பு பாக்கெட் வியாபாரம் ஆரம்பித்த சி.கே. ரங்கநாதனின் கெவின்கேர் நிறுவனம், குங்குமப்பூவும் பாலும் என்று சொல்லி ஃபேர்எவர் க்ரீமை விட்டது. அவர்கள் ஆபீஸ் தேனாம்பேட்டை செனடாஃப் ரோட்டில். பாட்டியின் குங்குமப்பூ நம்பிக்கையை ட்யூபில் அடைத்ததுதான் அவர்கள் சாமர்த்தியம். 2005-இல் இமாமி கம்பெனி ஆண்களுக்கும் தனி க்ரீம் கொண்டுவந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்த விளம்பரங்கள்: கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, க்ரீம் போட்டதும் கிடைக்கும். க்ரீம் செய்ததை விட அந்த விளம்பரம் செய்த கெடுதல் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் மெதுவாக வேலை செய்கிற பொருளை விற்றுக்கொண்டு, வேகமான பலனை அது ஆசை காட்டியது. அந்த ஆசைக்குத் தீனி போட வேறு பொருட்கள் காத்திருந்தன.

இப்போது 1939-க்குப் போகலாம். அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலை. நம் குரோம்பேட்டை, பல்லாவரம் டேனரிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளிகளுக்குக் கையில் திட்டுத்திட்டாக நிறம் போயிற்று. காரணம் தேடினால், அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறை. ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்த்த ஒரு ரசாயனம் மெலனோசைட் செல்களைக் கொன்றிருந்தது. அது ஹைட்ரோகுவினோன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு விபத்தில்தான் நவீன வெளுப்பு மருந்தின் வாசல் திறந்தது.

ஹைட்ரோகுவினோன் அதே குடும்பத்தின் மென்மையான உறுப்பினர். டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது. மங்குக்குத் தோல் மருத்துவர்கள் இன்றும் இதைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதுகிறார்கள். 1975-இல் அமெரிக்காவில் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவர், இதோடு ட்ரெட்டினாயினையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்து ஒரு கலவையைச் சொன்னார். அதே 1975-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. ஹைட்ரோகுவினோன் க்ரீமை வருஷக்கணக்கில் பூசிய பெண்களின் கன்னத்தில், வெளுப்பதற்குப் பதில் நீலம் கலந்த கறுப்பு படிந்திருந்தது. அது சுலபத்தில் போகாது. தென்னாப்பிரிக்கா 1990-இல் அழகுசாதனங்களில் அதைத் தடை செய்தது. ஐரோப்பா 2001-இல் தோல் க்ரீம்களிலிருந்து எடுத்தது.

நம் ஊரில் நடந்தது வேறு. மூன்றும் கலந்த அந்த மருந்து, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் பல் பொடி மாதிரி விற்றது. பீட்டாமெதசோன் ட்யூப் இல்லாத வீடு அபூர்வம். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, எரிச்சலை அடக்குகிறது, நிறமி உற்பத்தியையும் அமுக்குகிறது. ஐந்தாறு நாளில் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலியும், நரம்பு மாதிரி சிவப்புக் கோடுகள் தெரியும், பருவும் ரோமமும் வரும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். எரிச்சல் அடங்க மறுபடி அதையே பூசுவார்கள். 2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், முகத் தொந்தரவோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர். அவர்கள் விடாமல் போராடியபின், 2018 மார்ச்சில் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியைத் திருத்தியது. விதி வந்தது, பழக்கம் போகவில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி, மந்தைவெளியில் இருக்கிறாள். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரு பியூட்டி பார்லரில் லேபிள் இல்லாத சின்ன டப்பாவில் "நைட் க்ரீம்" கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் எல்லோரும் கேட்கிற அளவுக்கு முகம் மாறியது. இரண்டாம் மாதம் அந்தப் பெண்ணால் வெயிலில் நிற்க முடியவில்லை. க்ரீமை நிறுத்தினாள், முகம் வீங்கிச் சிவந்தது. அடையாறில் தோல் மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், இது ஸ்டீராய்டு வேலை என்று. முகூர்த்தத்தன்று மேக்கப் போட முடியாமல், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அந்தப் பிள்ளை அழுததை நான் பார்த்தேன். மாப்பிள்ளை தங்கமான பையன், அது வேறு விஷயம். தோல் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

இதை விடப் பயங்கரம் பாதரசம்.

பாதரசம் என்றதும் நமக்கு 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை நினைவுக்கு வரும். க்ரீமிலும் அது வரும். டைரோசினேஸ் வேலை செய்யத் தாமிரம் வேண்டும். பாதரசம் அந்த வேலையைக் கெடுத்துவிடுகிறது. நிறம் சீக்கிரம் இறங்கும். ஆனால் பாதரசம் தோலோடு நிற்காது, ரத்தத்தில் போய்ச் சிறுநீரகத்தில் சேரும். 1972-லேயே நைரோபி மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் கொட்டி உடம்பு வீங்கி வந்த பெண்களில் பலர் வெளுப்பு க்ரீம் பூசுகிறவர்கள் என்று எழுதிவிட்டார்கள்.

ஐம்பது வருஷம் கழித்து அதே கதை நம் பக்கத்து மாநிலத்தில். கேரளா மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதித்தார்கள். 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு சம்பந்தப்பட்ட அபூர்வ வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். அந்த ஆய்வில் நம் சென்னையைச் சேர்ந்த சிறுநீரகத் திசு ஆய்வு நிபுணரும் பங்கு பெற்றார். நல்ல செய்தி என்னவென்றால், க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013-இல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-இல் ஏற்றது. நம் 2020 அழகுசாதன விதிகளின்படி, தற்செயலாகக் கலந்தாலும் முகக் க்ரீமில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2014-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 32 சிவப்பழகு க்ரீம்களைச் சோதித்து, 14-இல் பாதரசம் கண்டது. கடையில் அடையாளத்தோடு விற்கிற க்ரீமின் நிலையே அப்போது அது. முகவரி இல்லாத டப்பாவுக்கு யார் பொறுப்பு?

தி. நகர் வாசிகளுக்காக ஒரு குறிப்பு. சில வெளிநாட்டு க்ரீம் டப்பாக்களில் "தங்கம், வெள்ளி நகையில் படக் கூடாது" என்று எழுதியிருக்கும். ஏன் தெரியுமா? பாதரசம் தங்கத்தோடு ஒட்டி வெளுத்துவிடும். எந்தப் பொற்கொல்லரைக் கேட்டாலும் சொல்வார். வளையலில் படக் கூடாத பொருளைக் கன்னத்தில் பூசலாமா?

புதிதாகக் கேள்விப்படுகிறவற்றையும் சொல்லிவிடுகிறேன். கோஜிக் அமிலம், ஜப்பானில் அரிசியைப் புளிக்க வைக்கும் பூஞ்சையிலிருந்து 1907-இல் பிரித்தது. அசெலாயிக் அமிலத்தின் கதை இன்னும் சுவாரசியம். நம் பிள்ளைகளுக்கு முதுகில் தேமல் வருமே, அந்த இடம் ஏன் வெளிறுகிறது என்று ரோம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1970-களில் தேடினார்கள். தேமல் பூஞ்சை உண்டாக்குகிற அமிலங்கள் டைரோசினேஸைத் தடுப்பதைக் கண்டார்கள். அப்படி வந்த மருந்து அது. இவையும் விட்டமின் சி-யும் அளவோடு இருந்தால் ஓரளவு பாதுகாப்பு, பலனும் ஓரளவுதான். கோஜிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமை தரும். "பெரிய கம்பெனி, அனுமதி பெற்றது" என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. ஜப்பானில் கானெபோ கம்பெனி ரோடோடென்ட்ரால் என்ற பொருளை முறைப்படி அனுமதி வாங்கி விற்றது. பல ஆயிரம் பெண்களுக்கு வெண்புள்ளி விழுந்ததால் 2013-இல் 54 தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றது.

இப்போது குளூட்டாதயோன் ஊசி என்று விளம்பரம் வருகிறது. நிறம் வெளுக்க அதை நரம்பில் ஏற்றுவதற்கு எதிராக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் பிலிப்பைன்ஸ் அமைப்பும் எச்சரித்திருக்கின்றன. கல்யாணத்துக்காக யாரும் அந்தப் படுக்கையில் போய்ப் படுக்க வேண்டாம்.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதுவும் சென்னையில் தொடங்கியது. 2009-இல் கவிதா இம்மானுவேல் நடத்தும் விமன் ஆஃப் வொர்த் என்ற சென்னை அமைப்பு, கறுப்பு அழகு என்ற பிரசாரத்தை ஆரம்பித்தது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் சேர்ந்ததும் நாடு முழுக்கப் பேச்சாயிற்று. 2014-இல் விளம்பரத் தர அமைப்பு, கறுத்தவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2019-இல், சிவப்பழகு க்ரீம் விளம்பர வாய்ப்பு ஒன்றை மறுத்துவிட்டதாக நம் நீலகிரிப் பெண் சாய் பல்லவி சொன்னார். 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்தது. பெயர் மாறியது. "பளபளப்பு", "பொலிவு" என்று புதுச் சொற்கள் வந்தன. ஆனால் கேள்வி கேட்ட நான்கு பேரும் "பளிச்சுனு" என்றுதான் கேட்டீர்கள். அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆகவே கேள்விக்குப் பதில்.

நான்கு வாரம் என்று குறித்து வைக்கச் சொன்னேனே, அதுதான் அளவுகோல். தோல் புதுப்பிக்க அவ்வளவு நாள் எடுக்கும்போது, ஒரு வாரத்தில் நிறத்தை மாற்றுகிற க்ரீம் என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். அதில் பாதரசமோ, ஸ்டீராய்டோ, அளவு மீறிய ஹைட்ரோகுவினோனோ இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

வாங்கும் முன் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பொருட்களின் பட்டியல் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். மெர்குரி, மெர்க்யூரிக், கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் தொடாதீர்கள். பெயர் "-சோன்" என்று முடிந்தால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம், மருந்துச் சீட்டு வேண்டும். மங்கு, கரும்புள்ளி உள்ளவர்களுக்கு முதல் மருந்து சன்ஸ்க்ரீனும் குடையும்தான். வெயிலைத் தடுக்காமல் எதைப் பூசினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர்.

ஏற்கெனவே லேபிள் இல்லாத க்ரீம் பூசுகிறவர்கள் வெட்கப்படாமல் டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். சென்ட்ரல் எதிரில் இருக்கிற அரசுப் பொது மருத்துவமனையில் பணமில்லாமல் பார்ப்பார்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ கால் வீங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கல்யாணப் பெண்களுக்கு என் சிபாரிசு: நலங்கு மாவு, நல்ல தூக்கம், மத்தியான வெயிலில் ரங்கநாதன் தெருவில் அலையாமல் இருப்பது. மீதியை போட்டோகிராபர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில், முக்கியமாகப் பெண்பிள்ளைகள் இருக்கிற குழுவில் பகிருங்கள். உங்களில் டாக்டர், பார்மசிஸ்ட் ஆனவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் விட்டதைக் கீழே சேர்த்து எழுதுங்கள். பெருமையோடு படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்